குரோஷே: ஓரம் நேராக வரும் கணக்கு

ஸ்வெட்டர் பின்ன இரண்டு ஊசி வேண்டும். ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே காத்திருக்கும். குரோஷேவுக்கு நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி போதும். ஒரு தையலை முழுதாக முடித்த பிறகுதான் அடுத்தது என்பதால், ஊசியில் எப்போதும் மிஞ்சுவது ஒரு கண்ணிதான். பிசகினால் ஊசியை உருவிவிட்டு நூலை இழுக்கலாம். வேண்டிய இடம் வரை பிரிந்து வரும்.

பழகுவதற்கு வெளிர் நிற உல்லன் நூலும் 5 மி.மீ. ஊசியும் ஏற்றவை. கறுப்பு நூலில் கண்ணிகள் கண்ணுக்குப் பிடிபடாது.

முதலில் ஊசியில் ஒரு சுருக்கு. அதன் வழியே நூலை இழுத்தால் ஒரு சங்கிலி. இருபது தையல் அகலத்துக்கு 21 சங்கிலி போட வேண்டும். ஊசியை அடுத்த சங்கிலியை விட்டு, இரண்டாவதில் நுழைத்து நூலை இழுங்கள். ஊசியில் இப்போது இரண்டு கண்ணிகள். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒரு 'சிங்கிள் குரோஷே' முடிந்தது. இது அமெரிக்கப் பெயர். பிரிட்டிஷ் புத்தகங்களில் இதையே 'டபுள்' என்பார்கள்.

வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் துணியைத் திருப்ப வேண்டும். அடுத்த வரிசையின் உயரத்துக்கு ஊசியைத் தூக்கிவிடுவது அந்தச் சங்கிலிதான். அது இல்லாவிட்டால் ஓரம் அமுங்கிச் சுருங்கும். உயரமான அமெரிக்க 'டபுள்' தையலுக்கு மூன்று சங்கிலி. அந்த மூன்றும் சேர்ந்து வரிசையின் முதல் தையலாகவே கணக்காகும். ஆகவே, திரும்பி வரும்போது கடைசித் தையலை அந்தச் சங்கிலியின் உச்சியில் போட வேண்டும். புதியவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். வரிசைக்கு ஒரு தையல் குறைந்தால், சதுரமாக வர வேண்டிய துணி மேலே போகப் போகக் கூம்பிவிடும்.

எண்ணிக்கை கூடினாலும் வடிவம் மாறும். ஒவ்வொரு வரிசையிலும் சீரான இடைவெளியில் ஒரு தையலைக் கூட்டிக்கொண்டே போனால், துணி தட்டையாகக் கிடக்க இடமின்றி அலையலையாக மடியும். லாட்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா தைமினா, 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்த முறையில்தான், இப்படி அலையலையாக விரியும் அதிபரவளையத் தளம் (hyperbolic plane) என்ற வடிவத்தின் மாதிரியைப் பின்னினார். அதுவரை வகுப்பில் பயன்பட்ட காகித மாதிரிகள் எளிதில் கிழிந்தன. நூல் மாதிரியை மாணவர்கள் மடித்தும் விரித்தும் பார்க்க முடிந்தது.

தைமினா கணக்கிட்டுக் கூட்டினார். கைக்குட்டை பின்னுகிறவர் கூட்டாமல் குறைக்காமல் காத்தால் போதும்: ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் இருபது இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத் திருப்புங்கள்.