ஈறில் இரத்தம் கசிந்தால்

பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது நீர் சிவந்து வருகிறதா? ‘பிரஷ் குத்திவிட்டது’ என்றெண்ணிப் பலர் மறுநாள் முதல் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். செய்யக் கூடாதது அதுதான்.

1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஈறு நலமாயிருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது அடங்கிவிட்டது!

பல்லை நகத்தால் சுரண்டினால் மாவுபோல் வருகிறதே, அந்தப் பாக்டீரியாப் படலமே காரணம். உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்து சேர்ந்தால் அது காரையாக இறுகிவிடும். பிறகு பிரஷ் பயன்படாது. பல் மருத்துவர்தான் அகற்ற வேண்டும். காரையை எடுத்தால் பல் ஆடும் என்பது வீண் அச்சம். எலும்பு முன்பே கரைந்திருக்கும். காரை அந்த ஆட்டத்தை மறைத்திருக்கும், அவ்வளவே.

அழற்சி முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பு அரிக்கப்படுகிறது. ஈறு இறங்கிப் பல் நீண்டு தெரியும், வாய் நாறும். ஆனால் வலி பெரும்பாலும் இராது. புகை பிடிப்போருக்கு இரத்தக் கசிவுகூடக் குறைவாகவே தெரியும். நீரிழிவு உள்ளவர்களுக்கு நோய் விரைந்து முற்றக்கூடும்.

மென்மையான பிரஷ்ஷை ஈறின் விளிம்பில் சாய்த்துப் பிடித்து, காலையும் இரவும் இரண்டு நிமிடம் மெல்லத் துலக்குங்கள். செங்கல் பொடி வேண்டாம். அது பல்லையும் ஈறையும் தேய்த்துவிடும். இரண்டு வாரத்திலும் கசிவு நிற்கவில்லையெனில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.