அத்தை வீட்டில் ஓர் இரவு

கோடை விடுமுறை தொடங்கியதும் மாரியூர்ப் பிள்ளைகள் சாயல்குடிக்கும் தூத்துக்குடிக்குமாக உறவினர் வீடுகளுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அத்தை மக்களோடும் சித்தி மக்களோடும் மொட்டை மாடியில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்து, நள்ளிரவு வரை கதை பேசுவார்கள். அதே வீட்டில் மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உள்ள பிள்ளை இருந்தால், அப்பிள்ளை மட்டும் ஊரிலேயே தங்கிவிடுகிறது. அதனைப் பார்த்துக்கொள்ளத் தாயும் தங்கிவிடுகிறார்.

எங்கள் பிரிவுக்கு வரும் தாய்மார்களிடம், "உங்களை விட்டு என்றாவது ஓர் இரவு பிள்ளை தங்கியிருக்கிறதா?" என்று கேட்பது வழக்கம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தாயும் "இல்லை" என்கிறார். சிலர் அதைப் பெருமையோடு சொல்கிறார்கள். அப்பெருமையில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தத் தாய் திடீரென நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்படும் நாளில், பிள்ளையின் முதல் பிரிவும் வந்துவிடுகிறது. மருந்தின் பெயர்கூடத் தெரியாத ஒருவரின் பொறுப்பில், அழுகையோடு அந்த இரவு கழிகிறது. என்றோ ஒரு நாள் வரப்போகும் அம்முதல் இரவை, வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே தேர்ந்துகொள்ளுமாறு நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இதில் பிள்ளைக்குக் கிடைக்கும் ஆதாயம் பெரிது. தாய்க்குப் பிள்ளையின் கண்ணசைவே போதும். தாகமா, பசியா, சிறுநீர் கழிக்க வேண்டுமா என்று அவர் அறிந்துவிடுகிறார். ஆகவே கேட்டுப் பெற வேண்டிய தேவை அப்பிள்ளைக்கு எழுவதே இல்லை. அத்தைக்கு அந்தக் கண்ணசைவு புரியாது. அங்கே பிள்ளை தம்ளரைச் சுட்டிக்காட்ட வேண்டும், படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும், அல்லது ஒரு சொல்லையாவது சொல்லிப் பார்க்க வேண்டும். பயிற்சி அறையில் மாதக்கணக்கில் நாங்கள் முயன்றும் வராத சைகை, இவ்வாறான ஒரு தேவையினால் வந்துவிடுவதுண்டு. தன் பையில் எந்தச் சட்டையை வைப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நிறம் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரே நாளில் இரவுக்கு விட வேண்டாம். முதலில் தாயும் பிள்ளையும் சேர்ந்து ஒரு பிற்பகலைக் கழித்து வரலாம். அடுத்த முறை தாய் கடைக்குச் சென்று ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பலாம். பின்னர் இரவு உணவு வரை. அதன் பின்னரே உறக்கம். பழகிய தலையணையும் போர்வையும் உடன் செல்லட்டும். பிள்ளை உறங்கியபின் சொல்லாமல் நழுவி வருவது கூடாது. ஒருமுறை அப்படி ஏமாந்த பிள்ளை, மறுமுறை உறங்கவே அஞ்சும். எப்போது திரும்பி வருவீர்கள் என்பதைச் சொல்லி, சொன்ன நேரத்தில் சென்றுவிடுங்கள்.

பார்த்துக்கொள்பவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியவை சில உண்டு. மருந்தின் பெயர், அளவு, நேரம் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். வலிப்பு மருந்தை ஒரு வேளையும் தவறவிடக் கூடாது. வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்; வாயில் எதையும் திணிக்கக் கூடாது; கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். விழுங்குவதில் சிரமமுள்ள பிள்ளைக்கு நிமிர்ந்த நிலையிலேயே உணவு தர வேண்டும். உண்டவுடன் படுக்க வைக்கலாகாது. தானே புரள இயலாத பிள்ளையை இரவில் எப்போது, எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்பதை எழுதுவதைவிடச் செய்தே காட்டுவது நல்லது.

கேட்பதற்குக் கூச்சமானதெனினும் கேட்டேயாக வேண்டியது ஒன்று: அவ்வறையில் யார் யார் உறங்குவார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டுபவர் யார்? நெருங்கிய உறவாயினும் கேளுங்கள். திரும்பியபின் பிள்ளையின் நடத்தையில் அச்சம் தென்பட்டால் எங்களிடம் சொல்லலாம். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். கடலோரத்து வீடுகளில் பின்வாசல் தாழிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

உறவினர் உதவி இல்லாத குடும்பங்களும் உண்டு. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த தேசிய அறக்கட்டளை, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் உடையோருக்காகச் செயல்படுகிறது. தங்க வைத்துப் பராமரிக்கும் திட்டமும் அதன்கீழ் உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தங்கிப் பயிலும் இடங்களுள் ஒன்று. 1975-இல் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அதனைத் தொடங்கினார். எங்கே இடம் கிடைக்கும் என்பதை ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். எந்த இல்லமாயினும் முதலில் பகலில் சென்று, இரவுப் பணியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

முதல் இரவில் பிள்ளை உறங்கிவிடும், தாய்தான் விழித்திருப்பார். எட்டு மணிக்கு ஒரே ஒரு முறை தொலைபேசியில் பேசுவதென்று முன்னரே முடிவு செய்துகொண்டால் இருவீட்டாருக்கும் நல்லது. திரும்பி வந்த பிள்ளை ஓரிரு நாள் அடம்பிடிக்கலாம், படுக்கையை நனைக்கலாம். அதைக் கொண்டு இம்முயற்சி தோற்றது என்று கருத வேண்டாம். சில வாரம் விட்டு, அதே வீட்டுக்கே மீண்டும் அனுப்பிப் பாருங்கள். அடுத்த முறை எங்களிடம் வரும்போது, அங்கே பிள்ளை தானாகச் செய்தது என்ன என்று அத்தையிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். பயிற்சியை அதிலிருந்து தொடர்வோம்.