நம்ம ஊரு பிரச்சினையை எதிர்க்கட்சி எம்.பி. டெல்லியில் பேசினால் என்ன நடக்கும்? மதுரை எய்ம்ஸ் சொல்லும் பாடம்

மதுரை:

"ஆளுங்கட்சி எம்.பி.யா இருந்தாலாவது ஏதாச்சும் நடக்கும். எதிர்க்கட்சிக்காரர் டெல்லியில போய் பேசி என்னத்த கிழிக்கப் போறாரு?"

டீக்கடை பெஞ்சில் பேப்பரை விரித்தால் காதில் விழும் கேள்வி இது. மதுரை பக்கத்தில் இந்த கேள்வி வரும்போதெல்லாம் கூடவே வரும் பெயர், தோப்பூர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரி.

பாராளுமன்றத்தில் ஒரு ஊரின் பிரச்சினை எப்படி பேசப்படுகிறது? பேசினால் பதில் வருமா? வந்த பதிலால் நமக்கு என்ன பிரயோஜனம்? இது பற்றிய விவரம் வருமாறு:-

செங்கல்லோடு நின்ற கதை

தமிழ்நாட்டுக்கு ஒரு எய்ம்ஸ் என்று 2015-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. எந்த ஊரில் என்று முடிவாக மூன்று வருஷம் ஓடிப்போனது. 2018-ல் மதுரை அருகே தோப்பூர் என்று முடிவானது. அந்த ஆண்டு டிசம்பரில் ரூ.1,264 கோடிக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. 2019 ஜனவரி 27-ந்தேதி பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார்.

அடிக்கல்லோடு வேலை நின்றது. ஜப்பான் நிறுவனத்தின் கடன் வந்தால்தான் கட்டிடம் என்ற நிலை. கடன் ஒப்பந்தமே 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது. அதற்குள் திட்ட மதிப்பு ரூ.1,977.80 கோடியாக ஏறிவிட்டது. இதில் ரூ.1,627.70 கோடி கடன்.

2021 சட்டசபை தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் ஒற்றை செங்கல்லை தூக்கிக் காட்டி ஓட்டு கேட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2022-ல் 50 மாணவர்களை சேர்த்து வகுப்பு தொடங்கினார்கள். ஆனால் சொந்த கட்டிடம் இல்லாததால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் பாடம் நடந்தது.

2022 செப்டம்பரில் அப்போதைய பா.ஜனதா தலைவர் நட்டா, 95 சதவீத பணி முடிந்துவிட்டது என்று பேசினார். உடனே மதுரை எம்.பி. சு.வெங்கடேசனும், விருதுநகர் எம்.பி. மாணிக்கம் தாகூரும் தோப்பூருக்கு போய் வெறும் பொட்டலில் நின்று போட்டோ எடுத்து வெளியிட்டார்கள். கட்டிடத்துக்கு முந்தைய ஆரம்பகட்ட வேலைகளைத்தான் நட்டா சொன்னார் என்று பா.ஜனதா தரப்பில் விளக்கம் வந்தது.

தோப்பூர் இருப்பது மதுரை மாவட்டத்தில். ஆனால் பாராளுமன்ற கணக்கில் அது விருதுநகர் தொகுதிக்குள் வருகிறது. அதனால்தான் இரண்டு எம்.பி.க்களும் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இருவருமே டெல்லியில் எதிர்க்கட்சி வரிசை.

கேள்வி நேரம் - முதல் ஆயுதம்

பாராளுமன்ற மக்களவையில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். ஒரு எம்.பி. குறைந்தது 15 நாளுக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுக்கணும். யார் கேள்வி முதலில் என்பது குலுக்கலில் முடிவாகும். அங்கே ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி பேதம் கிடையாது.

நட்சத்திர குறியிட்ட கேள்வி ஒரு நாளைக்கு 20. இதற்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்லணும். எம்.பி. மடக்கி துணைக்கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்வி ஒரு நாளைக்கு 230. இதற்கு எழுத்தில் பதில் வரும்.

2023 பிப்ரவரியில் மதுரை எய்ம்ஸ் தாமதம் கேள்வி நேரத்தில் வெடித்தது. அப்போதைய சுகாதார மந்திரி மன்சுக் மாண்டவியாவின் பதிலில் திருப்தி இல்லை என்று தி.மு.க., காங்கிரஸ் எம்.பி.க்கள் வெளிநடப்பு செய்தார்கள்.

டி.வி.யில் பார்த்தவர்களுக்கு அது வெறும் கூச்சல் மாதிரி தெரிந்திருக்கலாம். ஆனால் மந்திரி சபையில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவைக்குறிப்பில் ஏறிவிட்டது.

ஜீரோ அவர், விதி 377

கேள்வி நேரம் முடிந்ததும் வருவது ஜீரோ அவர். 15 நாள் காத்திருக்க முடியாத அவசர பிரச்சினையை அன்றே எழுப்பலாம். காலையில் நோட்டீஸ் கொடுக்கணும். கிடைப்பது ஓரிரு நிமிஷம்தான். தமிழிலேயே பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் மந்திரி அங்கேயே பதில் சொல்லணும் என்ற கட்டாயம் இல்லை.

இன்னொன்று விதி 377. தொகுதி பிரச்சினையை சுருக்கமாக எழுதிக் கொடுத்து சபையில் வைப்பது. சம்பந்தப்பட்ட மந்திரி அந்த எம்.பி.க்கு கடிதமாக பதில் அனுப்புவார். ரெயில் நிற்காத ஸ்டேஷன், பாதியில் நிற்கும் மேம்பாலம் மாதிரி விஷயங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் டெல்லிக்கு போகின்றன.

100 ரூபாய் வெட்டு

பட்ஜெட் சமயத்தில் ஒரு சுவாரசியமான வழி இருக்கிறது. ஒரு இலாகாவுக்கு பல ஆயிரம் கோடி கேட்டு மந்திரி வருவார். "அதில் 100 ரூபாயை குறைக்கணும்" என்று எதிர்க்கட்சி எம்.பி. வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம்.

100 ரூபாயை குறைத்து யாருக்கு லாபம் என்கிறீர்களா? பணம் அங்கே பேச்சே இல்லை. குறிப்பிட்ட ஒரு குறையை சுட்டிக்காட்டத்தான் இந்த ஏற்பாடு. ஓட்டெடுப்பில் பெரும்பாலும் தோற்றுத்தான் போகும். ஆனாலும் நம்ம ஊரின் குறை பட்ஜெட் விவாதத்தில் பதிவாகிவிடும்.

"பரிசீலனையில் உள்ளது" என்றால்?

மந்திரிகள் அடிக்கடி சொல்லும் பதில் "பரிசீலனையில் உள்ளது". சும்மா தட்டிக் கழிக்கிறார் என்றுதான் நாம நினைப்போம். ஆனால் பாராளுமன்ற நடைமுறையில் அதுவும் ஒரு வாக்குறுதி!

இதை கண்காணிக்க 1953-ம் ஆண்டு முதல் மக்களவையில் அரசு வாக்குறுதிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. 15 எம்.பி.க்கள் கொண்ட குழு. சபையில் கொடுத்த வாக்கை 3 மாதத்துக்குள் நிறைவேற்றணும் என்பது கணக்கு. முடியவில்லை என்றால் இலாகா கூடுதல் அவகாசம் கேட்டு குழுவிடம் போகணும். அதிகாரிகளை கூப்பிட்டு விசாரிக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு.

ஆளுங்கட்சி எம்.பி.க்கு மந்திரியிடம் நேரில் போய் காரியம் சாதிக்க வழி இருக்கும். எதிர்க்கட்சி எம்.பி.க்கு அந்த வசதி குறைவு. அவர் கையில் இருப்பது கேள்வியும், அதற்கு வந்த பதிலும்தான். அதனால்தான் ஒரே கேள்வியை திரும்ப திரும்ப கேட்கிறார்கள். போன தடவை சொன்ன பதிலுக்கும் இந்த தடவை சொல்லும் பதிலுக்கும் வித்தியாசம் வந்தால் அங்கே பிடி கிடைக்கும்.

பேசியதால் ஆஸ்பத்திரி வந்ததா?

தோப்பூரில் கட்டுமான வேலை 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. அடிக்கல் நாட்டி 5 வருஷம் கழித்து! பாராளுமன்றத்தில் பேசியதால்தான் வேலை தொடங்கியது என்று சொன்னால் அது மிகை. கடன், டெண்டர் என்று எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் யாருமே கேட்காமல் இருந்திருந்தால் பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு, தாமதம் ஏன் என்ற கணக்கை அரசே சபையில் வைக்கும் நிலை வந்திருக்காது.

அந்த 5 வருஷத்தில் பெரிய வைத்தியத்துக்காக தென்மாவட்டத்தில் இருந்து ராத்திரி பஸ் பிடித்து சென்னைக்கு போன குடும்பங்கள் எத்தனையோ. கூலி வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்து எழுந்தவர்களுக்குத்தான் தாமதத்தின் விலை தெரியும்.

நாம என்ன செய்யணும்?

* ரெயில்வே, தேசிய நெடுஞ்சாலை, டோல்கேட், பி.எப்., பாஸ்போர்ட், தபால் ஆபீஸ் என்றால் எம்.பி. குடிதண்ணீர், ரேஷன், டவுன் பஸ், பட்டா என்றால் எம்.எல்.ஏ. ஆள் மாறி மனு கொடுத்தால் நாள்தான் வீணாகும்.

* மனுவில் ஊர், தேதி, ஏற்கனவே எந்த ஆபீசில் கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்று தெளிவாக எழுதுங்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

* கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பே கொடுங்கள். கேள்விக்கு 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

* எம்.பி. கேட்ட கேள்வியும் மந்திரியின் பதிலும் பாராளுமன்ற இணையதளத்தில் இலவசமாக கிடைக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஓட்டு கேட்டு வருகிறவரிடம் அடுத்த தடவை "எத்தனை நாள் சபைக்கு போனீங்க, எங்க ஊருக்காக எத்தனை கேள்வி கேட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கையில் அந்த பேப்பர் இருந்தால் பதில் சொல்லாமல் அவரால் நகர முடியாது.