தோலின் அடுப்படியில் பொய்ச் சீட்டு

பெங்களூரு தர்ஷினி ஓட்டல்களில் கல்லாவில் காசு கொடுத்ததும் சீட்டு வரும். அதைத் தோசை மாஸ்டரிடம் நீட்டினால் மாவு கல்லில் விழும். வெந்ததும் மேடைக்கு வரும். குழந்தையின் தோலும் இப்படித்தான் இயங்குகிறது. அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலேறி, முற்றி, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாக உதிர்கிறது. இதற்குச் சுமார் 4 வாரம் ஆகும்.

சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்று சொல்லும் சோரியாசிஸில் இதே பயணம் 3 முதல் 5 நாளில் முடிந்துவிடுகிறது. வாடிக்கையாளர் யாரும் இல்லாதபோதே கல்லாவில் சீட்டு அடித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். அடிப்பவை நம் எதிர்ப்பு சக்தியின் டி செல்கள். இன்டர்லூக்கின்-17 போன்றவை அந்தச் சீட்டுகள். மாஸ்டர் என்ன செய்வார்? வேகாத தோசைகளை மேடையில் அடுக்குகிறார். அந்த அடுக்குதான் வெள்ளிச் செதில். அடுப்புக்கு எரிவாயு கூடுதலாகத் தேவைப்படுவதுபோல் ரத்தக்குழாய்கள் விரிவதால் அடியில் சிவக்கிறது. நம் குழந்தைகளின் மாநிறத்தில் அது ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும். அதனால்தான் படர்தாமரை என்று நினைத்துவிடுகிறோம்.

பாட்டி வைத்தியத்தின் இடம் எதுவென்று இப்போது சொல்லலாம். அது மேடையைச் சுத்தம் செய்யும், கல்லாவைப் பூட்டாது. மேடை சுத்தமாக இருப்பதும் சின்ன விஷயமில்லை. அரிப்பில் இரவெல்லாம் புரளும் பிள்ளைக்கு அதுதான் தூக்கம்.

தேங்காய் எண்ணெய் செதிலை இளக்கி, தோலின் ஈரத்தை உள்ளேயே நிறுத்துகிறது. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றிய உடனே, ஈரம் காயுமுன் தடவ வேண்டும். பெங்களூருவில் இது இன்னும் முக்கியம். 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர். ஜனவரி தொடங்கிக் காற்று வறண்டுவிடும். புறநகர்க் குடியிருப்புகள் பலவற்றில் போர்வெல் உப்புத் தண்ணீர்தான். அதில் சோப்பு போட்டால் தோல் மேலும் காயும். பொடித்த ஓட்ஸைத் துணியில் கட்டிக் குளிக்கும் நீரில் பிழிந்தால் அரிப்பு தணியும்.

வெட்பாலைத் தைலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் சில நாளில் எண்ணெய் ஊதாவாக மாறும். முன்பு இந்த இலையிலிருந்து நீலச் சாயமே எடுத்திருக்கிறார்கள். தைவானின் சாங் குங் மருத்துவமனையில் அங்குள்ள நீலச் சாய மருந்தைக் களிம்பாக்கிச் சோதித்து, படை குறைந்ததை 2008-இல் வெளியிட்டார்கள். எனவே நீல இலைகள் கல்லாவரை கொஞ்சம் எட்டக்கூடும் என்று நம்ப இடமிருக்கிறது. ஆனால் வீட்டுத் தைலத்தின் அளவும் தரமும் வீட்டுக்கு வீடு மாறும். முழங்கையின் உட்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்த பிறகே மற்ற இடங்களுக்குப் போங்கள். சித்த மருத்துவர் ஒருவரைக் கேட்டுச் செய்வது இன்னும் நல்லது.

எலுமிச்சை, பூண்டு, வினிகர் எதுவும் வேண்டாம். பிஞ்சுத் தோல் வெந்துபோகும். பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பதும் செதிலை நகத்தால் பெயர்ப்பதும் அதைவிட மோசம். காயம் பட்ட இடத்திலேயே புதுப் படை முளைக்கும் நோய் இது. ஒவ்வொரு கீறலும் கல்லாவில் இன்னொரு சீட்டு.

பிள்ளைகளிடம் இந்த நோய்க்கு இன்னொரு வாசலும் உண்டு. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து இரண்டு மூன்று வாரத்தில் உடலெங்கும் மழைத்துளி போலச் சிறு படைகள் கிளம்பலாம். மிளகுப் பாலோடு அந்தத் தொண்டை வலியை விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

கல்லாவை அடக்குவது மருந்தின் வேலை. அளவான ஸ்டீராய்டு களிம்பும் வைட்டமின் டி வகைக் களிம்பும் அங்கேதான் வேலை செய்கின்றன. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு 311 நானோமீட்டர் புற ஊதா ஒளியும் தருவார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு இந்தக் கணக்கில் வராது. அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. குழந்தையின் தோலை மெலிய வைத்துவிடும். ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு கட்டுப்படுத்தியதும் இதனால்தான். 'முற்றிலும் மூலிகை' என்று பெயரில்லாப் புட்டியில் வரும் தைலத்தையும் நம்ப வேண்டாம்.

படை வேகமாகப் பரவினால், சீழ்க்கொப்புளம் வந்தால், காலையில் விரல் மூட்டு வீங்கினால், நகத்தில் குழி விழுந்தால் காத்திருக்காதீர்கள். விக்டோரியா, பௌரிங் அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது, வீட்டில் தடவிய எல்லாப் புட்டிகளையும் கையோடு எடுத்துப் போங்கள். அவற்றைப் பார்த்தால்தான் எதை நிறுத்தலாம், எதைத் தொடரலாம் என்று டாக்டர் சொல்ல முடியும்.