தடையில்லாக் கனடாவும் கார்பன் வரியும்

கனடாவில் 2019ஆம் ஆண்டு நான்கு மாதங்களுக்குள் இரண்டு சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஏப்ரல் 1 அன்று நான்கு மாகாணங்களில் பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு ஆகியவற்றின் மீது மத்திய அரசின் கார்பன் வரி விழுந்தது. ஜூலை 11 அன்று, 2040ஆம் ஆண்டுக்குள் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையில்லாத நாடாகக் கனடாவை மாற்ற வேண்டும் என்கிற அணுகல் சட்டம் வந்தது. இரண்டையும் கொண்டுவந்தது ஜஸ்டின் ட்ரூடோவின் லிபரல் அரசுதான். முதல் சட்டத்தைக் கன்சர்வேடிவ் கட்சி ஆறு ஆண்டுகள் எதிர்த்தது. இரண்டாவதை எல்லாக் கட்சிகளும் ஆதரித்தே வாக்களித்தன. எது மக்கள் வாழ்க்கையில் அதிகம் மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று பார்க்கப் போனால், இந்தக் கணக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

கனடிய நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியின் கையில் இருப்பவை சில கருவிகளே. அன்றாடம் நடக்கும் கேள்வி நேரத்தில் ஒரு கேள்விக்கு 35 விநாடிதான், பதிலுக்கும் அவ்வளவுதான். ஆண்டுக்கு 22 நாட்கள் அவையின் விவாதப் பொருளை எதிர்க்கட்சிகளே தேர்ந்தெடுக்கலாம். மசோதா நிலைக்குழுவுக்குப் போகும்போது திருத்தங்கள் கொடுக்கலாம். பெட்ரோல் விலையைப் பற்றி 35 விநாடியில் சூடாகக் கேட்டுவிட முடியும். ஒரு மசோதாவின் உட்பிரிவில் "செய்யலாம்" என்று இருப்பதைச் "செய்ய வேண்டும்" என்று மாற்றச் சொல்லும் கோரிக்கை அந்த நேரத்துக்குள் அடங்காது. அதன் இடம் நிலைக்குழு அறை; அங்கே கேமரா அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

அணுகல் சட்டத்தின் சண்டை நடந்தது அந்த அறையில்தான். 2018 ஜூனில் அறிமுகமான மசோதா மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள துறைகளுக்கு மட்டுமே பொருந்தும்: வங்கிகள், தொலைத்தொடர்பு, ஒளிபரப்பு, விமானம், மாகாணம் கடந்து ஓடும் ரயில்கள், அரசு அலுவலகங்கள், நாடாளுமன்றம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, தெருமுனைக் கடை எல்லாம் மாகாண அரசுகளின் பொறுப்பு. நிறுவனங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அணுகல் திட்டம் வெளியிட வேண்டும். அதை மாற்றுத்திறனாளிகளைக் கலந்துபேசித் தயாரிக்க வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். மீறினால் அபராதம் இரண்டரை லட்சம் டாலர் வரை போகலாம்.

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் மாற்றுத்திறனாளி அமைப்புகள் மசோதாவை வரிவரியாகப் படித்தன. தர விதிகளை அரசு வகுக்கலாம் என்றுதான் இருந்தது. வகுத்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. எந்த ஆண்டுக்குள் வேலை முடியும் என்பதும் இல்லை. விமானப் புகாருக்கு ஓர் ஆணையம், ஒளிபரப்புப் புகாருக்கு இன்னொன்று என்று அமலாக்கம் சிதறிக் கிடந்தது. பார்வையற்ற வழக்கறிஞரும் ஒன்டாரியோவின் நெடுநாள் போராளியுமான டேவிட் லெப்போஃப்ஸ்கி போன்றவர்கள் சுட்டிக்காட்டிய இந்த ஓட்டைகளைக் கன்சர்வேடிவ், புதிய ஜனநாயகக் கட்சி இரண்டும் திருத்தங்களாக நிலைக்குழுவில் வைத்தன. மற்ற விஷயங்களில் எதிரெதிர்த் துருவங்களான இரண்டு கட்சிகள் இதில் ஒரே பக்கம் நின்றன. லிபரல் கட்சிக்கு அப்போது தனிப்பெரும்பான்மை இருந்தது. முக்கியத் திருத்தங்கள் தோற்றன. மசோதா நவம்பரில் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

நியமன உறுப்பினர்களைக் கொண்ட செனட் சபை அடுத்த ஆண்டு அதில் கைவைத்தது. 2040 என்ற கெடுவும், சைகை மொழிகளுக்கான அங்கீகாரமும் அங்கே சேர்ந்தவைதான். அந்தத் திருத்தங்களை மக்களவை 2019 மே 29 அன்று ஒருமனதாக ஏற்றது.

மறுநாள் மே 30, டொரண்டோவில் உள்ள ஒன்டாரியோ சட்டமன்றத்தில் காட்சி தலைகீழாக இருந்தது. அந்த மாகாணத்துக்கு 2005 முதலே சொந்த அணுகல் சட்டம் உண்டு. 2025 ஜனவரி 1க்குள் மாகாணம் முழுவதும் தடைகள் நீங்கியிருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. மாற்றுத்திறனாளியான முன்னாள் துணைநிலை ஆளுநர் டேவிட் ஆன்லி அந்தச் சட்டத்தை ஆய்வு செய்து, இலக்கு வெகு தொலைவில் இருக்கிறது என்று கடுமையான அறிக்கை கொடுத்திருந்தார். அவர் பரிந்துரைகளை நிறைவேற்றத் திட்டம் தாருங்கள் என்று எதிர்க்கட்சியான புதிய ஜனநாயகக் கட்சியின் ஜோயல் ஹார்டன் தீர்மானம் கொண்டுவந்தார். டக் ஃபோர்டின் முற்போக்குக் கன்சர்வேடிவ் அரசு அதைத் தோற்கடித்தது. சிவப்பு நாடா பெருகும், சிறு வணிகர்களுக்குச் சுமை கூடும் என்பது ஆளுங்கட்சியின் வாதம்.

தலைநகர் ஒட்டாவாவில் சட்டத்துக்குப் பல் வேண்டும் என்று கேட்டது கன்சர்வேடிவ் எதிர்க்கட்சி. டொரண்டோவில் வேண்டாம் என்றது கன்சர்வேடிவ் ஆளுங்கட்சி. கூட்டாட்சிக் கட்சியும் மாகாணக் கட்சியும் அமைப்பு முறையில் வேறுவேறுதான் என்றாலும், ஒன்டாரியோவின் பழைய கதையைப் பார்த்தால் விஷயம் புரியும். 2001இல் ஆளுங்கட்சியாக இருந்து இதே முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சி கொண்டுவந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் வலுவற்றது என்று லிபரல்கள் சாடினார்கள். லிபரல்கள் ஆட்சிக்கு வந்து 2005இல் கொண்டுவந்த சட்டத்தை, எதிர்க்கட்சியாகிவிட்ட கன்சர்வேடிவ்கள் உட்பட எல்லோரும் ஆதரித்தார்கள். அணுகல் விஷயத்தில் ஒருவர் எந்தக் கட்சி என்பதைவிட, செலவுக் கணக்கு அவர் மேசைக்கு வருகிறதா இல்லையா என்பதே பேச்சைத் தீர்மானிக்கிறது.

கார்பன் வரியில் நிலைமை வேறு. அதன் செலவு ஆளுங்கட்சியின் மேசைக்கு வரவில்லை; பெட்ரோல் பங்க்கில் வாகன ஓட்டியின் கண்ணெதிரே ஓடியது. 2019இல் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 20 டாலர், அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 4.4 சென்ட். ஆண்டுதோறும் ஏறி, 2024இல் டன்னுக்கு 80 டாலர், லிட்டருக்கு 17.6 சென்ட் ஆனது. வசூலில் சுமார் 90 சதவீதம் குடும்பங்களுக்கே திருப்பித் தரப்பட்டது. ஒன்டாரியோவில் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2024–25இல் ஆண்டுக்கு 1,120 டாலர் கிடைத்தது. வரி பங்க்கில் தெரிந்தது; திரும்பிய பணமோ வங்கிக் கணக்கில் ஏதோ ஒரு சுருக்கப் பெயரில் சத்தமில்லாமல் விழுந்தது. எதற்கான பணம் என்றே பலருக்குத் தெரியவில்லை. "கனடா கார்பன் தள்ளுபடி" என்று அரசு அதற்குப் பெயர் மாற்றியது 2024இல்தான். ஐந்து ஆண்டு தாமதம் எந்த வரிக்கும் ஆகாது, இந்த வரிக்கு அறவே ஆகாது.

ஒன்டாரியோ அரசு இந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. 4.4 சென்ட்டில் தொடங்கி 2022இல் 11 சென்ட்டுக்கு ஏறும் அம்புக்குறி வரைந்த ஸ்டிக்கரை ஒவ்வொரு பெட்ரோல் பம்பிலும் ஒட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. ஒட்டாவிட்டால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் டாலர் வரை அபராதம். திரும்பிவரும் பணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஸ்டிக்கர்கள் உரிந்து விழுந்து கேலிக்கு ஆளானது தனிக்கதை. பேச்சுரிமையை மீறுகிறது என்று 2020இல் மாகாண உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. வரியே செல்லாது என்று மூன்று மாகாணங்கள் நடத்திய வழக்கும் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் 6–3 என்று தோற்றது.

எதிர்க்கட்சி எப்போதும் ஒரே குரலில் பேசவும் இல்லை. 2021 தேர்தலில் கன்சர்வேடிவ் தலைவர் எரின் ஓ'டூல் தானே ஒரு கார்பன் விலைத் திட்டத்தை முன்வைத்தார். டன்னுக்கு 20 டாலரில் தொடங்கும், பணம் மக்களின் தனிச் சேமிப்புக் கணக்குக்குப் போகும் என்றார். தேர்தலில் தோற்ற அவரைச் சில மாதங்களில் கட்சியே இறக்கியது. அடுத்து வந்த பியர் பொய்லியேவ் "வரியை வெட்டு" என்ற முழக்கத்தை எடுத்துக்கொண்டு எதிர்க்கட்சி நாட்களில் திரும்பத் திரும்ப அதே தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

வரிக்கு முதல் அடி விழுந்தது அரசின் கையாலேயே. 2023 அக்டோபரில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டு விலக்கு அளித்தார் ட்ரூடோ. அந்த எண்ணெயை அதிகம் எரிப்பவை லிபரல்களுக்கு வாக்கு வங்கி இருந்த அட்லாண்டிக் மாகாணங்கள். எரிவாயு எரிக்கும் மேற்கு மாகாணங்கள் கொதித்தன. வீட்டைச் சூடாக்கும் எல்லா எரிபொருளுக்கும் விலக்கு கேட்ட கன்சர்வேடிவ் தீர்மானத்தைப் புதிய ஜனநாயகக் கட்சியும் ஆதரித்தது. பிளாக் கியூபெக்வா கட்சியின் துணையால்தான் அரசு அதை 186–135 என்று தோற்கடித்தது. தீர்மானம் தோற்றாலும், வரியில் நியாயம் இருக்கிறது என்ற வாதம் அன்றே பலமிழந்தது. ட்ரூடோவுக்கு அடுத்து 2025 மார்ச்சில் பிரதமரான மார்க் கார்னி பதவியேற்ற நாளிலேயே நுகர்வோர் வரியைப் பூஜ்யமாக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். பெருந்தொழிற்சாலைகள் மீதான கார்பன் விலை தொடர்ந்தது. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் லிபரல்கள் வென்றார்கள். வரியை ஒழிக்கவைத்த பொய்லியேவ் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார்.

அணுகல் பக்கம் இப்படிப்பட்ட திருப்பங்கள் இல்லை. 2023 அக்டோபரில் நாட்டின் தலைமை அணுகல் அதிகாரி ஸ்டெஃபனி கடியூ பயணம் செய்த ஏர் கனடா விமானம், அவருடைய சக்கர நாற்காலியை ஏற்றாமலே கிளம்பியது. அதே ஆண்டு நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைச் சட்டத்தில் தொகை எவ்வளவு என்பதே எழுதப்படவில்லை; அரசு பின்னர் விதிகளில் சொல்லும் என்று மட்டும் இருந்தது. அரசு அப்போது சிறுபான்மை என்பதால் விலைவாசிக்கேற்ப உயர்வு போன்ற திருத்தங்கள் சட்டத்தில் ஏறின. ஆனால் 2024 பட்ஜெட்டில் வந்த தொகை மாதம் அதிகபட்சம் 200 டாலர்தான். ஒன்டாரியோவின் கெடு நாளான 2025 ஜனவரி 1 இலக்கு எட்டப்படாமலே கடந்தது. அடுத்த மாதமே மாகாணத் தேர்தல் நடந்தது. அமெரிக்க இறக்குமதி வரியைப் பற்றிப் பேசி வாக்கு கேட்ட ஃபோர்டு மூன்றாம் முறையாகப் பெரும்பான்மை பெற்றார்.