பெரிய டயர் போட்டால் போதுமா? மலைப்பாதை வியாபாரிக்கு ஒரு கணக்கு

கடந்த வாரம் நண்பர் ஒருவரின் மகன் என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கக் கிராமங்களில் மிளகும் கராம்பும் கொள்வனவு செய்து அக்குறணைக்குக் கொண்டுவரும் தொழிலை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார். பழைய டபள் கெப் ஒன்றை லீசிங்கில் எடுத்திருக்கிறார். அறுவடை தொடங்குவதற்கு முன் கைமாற்றாகக் கொஞ்சம் பணம் வேண்டும் என்றார். கொள்முதலுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை, டயருக்காம்.

"சாச்சா, அந்தப் பாதையெல்லாம் கல்லு. எல்லாரும் முப்பத்திமூண்டு இஞ்சி டயர்தான் போடுறாங்க. அதப் போட்டா பிறகு யோசினையே இல்லையாம்" என்றார்.

பதில் சொல்வதற்கு முன் எனக்கு என் பழைய கெப் ஞாபகம் வந்தது. 2011ஆம் ஆண்டு நானும் இதே வார்த்தையை நம்பி இதே செலவைச் செய்தவன். அந்தச் செலவு என் மச்சானின் மகனுடைய உயிரை வாங்கப் பார்த்தது. அவருக்குச் சொன்னதையே இந்த வாரம் வாசகர்களுக்கும் சொல்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது ஏற்பட்ட மண்சரிவுகளில் மலையகத்தின் பல வீதிகள் சேதமடைந்தன. தோட்டப் பாதைகளிலும் கிளைப் பாதைகளிலும் வாகனம் வைத்துப் பிழைப்பவர்கள் டயரைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் இது.

நான் செய்த பிழை

அப்போது என்னிடம் இருந்தது நான்கு சில்லு இழுவை கொண்ட சிங்கிள் கெப். அதன் டயர் அளவு 235/75 ஆர் 15. தார் வீதிக்கான சாதாரண டயர்கள். ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே பக்கம் இறங்கும் பாதையில் ஒரே பருவத்தில் இரண்டு டயர்கள் பக்கவாட்டில் கிழிந்தன. ஆணி ஏறினால் ஒட்டலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயர் குப்பைக்குத்தான். இரண்டாவது முறை கிழிந்தபோது மூடைகளோடு ஓர் இரவு முழுவதும் மழையில் வாகனம் நின்றது. ஈரம் பட்ட மிளகை யார் நல்ல விலைக்கு எடுப்பார்?

கோபத்தில் நேரே டயர் கடைக்குப் போனேன். இருந்ததில் பெரியதைக் கேட்டேன். 33 அங்குல உயரம், பன்னிரண்டரை அங்குல அகலம், சேற்றுக்கான பெரிய பூவுள்ள டயர். அதற்கேற்ற அகலமான ரிம்மும் சேர்த்து வாங்கினேன். பணம் போதாததால் நான்குதான் வாங்க முடிந்தது. மேலதிக சில்லாகப் பழைய சிறிய டயரே இருந்தது. வாகனம் பார்க்கக் கம்பீரமாக இருந்தது. சந்தியில் நிறுத்தினால் நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

முதல் பயணத்திலேயே கொண்டை ஊசி வளைவுகளில் டயர் மட்காட்டில் உரசியது. கராஜ் பாஸ் மட்காட்டின் ஓரத்தை வெட்டிவிட்டு, "உள்பக்கமும் ஒருக்கா கழட்டிப் பாக்கணும் முதலாளி, நாளைக்குக் கொண்டு வாங்க" என்றார். பருவம் சூடாக இருந்தது. நாளை, நாளை என்று மூன்று வாரம் போயிற்று. இது அவருடைய பிழையல்ல, என்னுடைய பிழை.

அந்த மூன்று வாரத்தில் ஒரு பின் டயர் பழுதாகி, சிறிய மேலதிக சில்லைப் போட்டுக்கொண்டு மலையிலிருந்து வந்தோம். ஒரே அச்சில் ஒரு பக்கம் பெரிய சில்லு, மறுபக்கம் சிறிய சில்லு. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாது. அந்த வித்தியாசத்தை வழி முழுவதும் டிஃபரன்ஷியல் சுமந்தது. அன்றிலிருந்து பின்பக்கம் ஒரு முனகல் சத்தம் தொடங்கியது.

பிறகுதான் அந்த நாள். மச்சானின் மகன் எண்ணூறு கிலோ சுமையோடு இறங்கிக்கொண்டிருந்தார். முன் டயரின் உள்பக்கம், ஸ்டியரிங்கை முழுதாக வெட்டும் ஒவ்வொரு முறையும் பிறேக் ஹோஸில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்று ஒரு வளைவில் ஹோஸ் விட்டது. பிறேக் பெடல் கீழே போனது. லோ ரேஞ்சில் முதல் கியரில் வந்ததால் வேகம் குறைவு. அவர் நிதானமிழக்காமல் பள்ளத்தின் பக்கம் விடாமல் மலைச்சுவரின் பக்கம் திருப்பி மோதி நிறுத்தினார். வாகனத்தின் முகப்பு போயிற்று. ஆள் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். தொலைபேசியில் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மாமா, சாமான் ஒண்டும் கொட்டல்ல" என்பதுதான். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உயரம் சும்மா கிடைப்பதில்லை

விபத்துக்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அதை முன்னரே செய்திருக்க வேண்டும். 235/75 ஆர் 15 என்றால் அகலம் 235 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அதில் 75 வீதம், அதாவது ஏறத்தாழ 176 மில்லிமீற்றர். ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீற்றர். மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் முழு உயரம் ஏறத்தாழ 733 மில்லிமீற்றர். 33 அங்குலம் என்பது 838 மில்லிமீற்றர். வித்தியாசம் 105 மில்லிமீற்றர்.

ஆனால் அச்சு சில்லின் நடுவில் இருப்பதால் டிஃபரன்ஷியலின் அடி உயர்வது அதில் பாதிதான். ஏறத்தாழ 52 மில்லிமீற்றர், இரண்டு அங்குலம். கல் பாதையில் இரண்டு அங்குலம் பெரிய விடயம் என்பதை மறுக்கவில்லை. அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும் அல்லவா?

சில்லு 14 வீதம் பெரிதானால் கியரும் அந்த அளவு நீண்டுவிடும். தரையில் கிடைக்கும் இழுவிசையில் எட்டில் ஒரு பங்கு குறையும். சுமையோடு ஏறும்போது கிளட்ச் தேய்வது இதனால்தான். பிறேக்கும் அதே அளவு பலவீனப்படும். வேகமானி 40 காட்டும்போது வாகனம் உண்மையில் 45க்கு மேல் ஓடும். சில்லின் எடை கூடுவதால் பெயாரிங், ஸ்டியரிங் மூட்டுகள், ஷொக் அப்சோபர் எல்லாம் விரைவாகத் தேயும். டீசலும் கூடச் செல்லும்.

கல்லுக்கு வேண்டியது எது?

கல் பாதையில் டயரைக் கொல்வது பெரும்பாலும் பக்கச்சுவர் வெட்டுத்தான். ஆகவே நாம் முதலில் விலை கொடுத்து வாங்க வேண்டியது பக்கச்சுவரின் பலத்தை. உயரம் இரண்டாவது. டயர் வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, அளவுக்கு முன்னாலோ பின்னாலோ எல்.டி. என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இது சுமை வாகனத்துக்கான கட்டமைப்பு. அதனுடன் பிளை ரேட்டிங் 6, 8, 10 என்று வரும். எண் கூடினால் கூடிய காற்றழுத்தத்தையும் சுமையையும் தாங்கும். கூடவே விறைப்பும் எடையும் கூடும்.

இரண்டாவது, சுமைக் குறியீடு. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். 112 என்றால் 1120 கிலோ. 121 என்றால் 1450 கிலோ. அதன் பின்னால் வரும் கியூ என்ற எழுத்து மணிக்கு 160 கிலோமீற்றர் வேக எல்லையைக் குறிக்கும். வாகனத்தின் சொந்த டயரிலுள்ள சுமைக் குறியீட்டைவிடக் குறைந்த ஒன்றை, எவ்வளவு பெரிய டயராக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, டி.ஓ.டி. எழுத்துகளின் முடிவிலுள்ள நான்கு இலக்கங்கள். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. பூ நிறைய இருக்கிறது, விலையும் குறைவு என்று பழைய டயரை வாங்குபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. வயதான றப்பர் கல்லில் வெடிக்கும். ரீபில்ட் டயரிலும் பூதான் புதியது, பக்கச்சுவர் பழையது. தார் வீதியில் பின் சில்லுக்கு அது உதவலாம். மலைப்பாதையில் முன் சில்லுக்கு வேண்டாம்.

நான்காவது, பூவின் வகை. எச்.டி. தார் வீதிக்கு, எம்.டி. சேற்றுக்கு, ஏ.டி. இரண்டுக்கும் நடுவில். சேற்று டயர் தார் வீதியில் சத்தம் போடும், விரைவில் தேயும், மழையில் நனைந்த தாரில் பிடிமானமும் குறையும். என் பயணத்தில் பத்தில் ஒன்பது பங்கு தார் வீதி. மீதி ஒரு பங்குக்காக ஒன்பது பங்கிலும் நட்டப்படுவது வியாபாரமா? எனக்குப் பொருந்தியது பலமான பக்கச்சுவருள்ள ஏ.டி. டயர்தான்.

ஐந்தாவது, அளவுக்கு மிஞ்சிய அகலம் வேண்டாம். அகல டயரின் பக்கச்சுவர் வெளியே துருத்தி நின்று கல்லை வாங்கிக்கொள்ளும். பெரிய ரிம்மும் வேண்டாம். ரிம் பெரிதானால் பக்கச்சுவர் குட்டையாகும். குட்டைச் சுவர் கல்லில் நசுங்கும்போது ரிம்மும் சேர்ந்து அடிபடும்.

காற்றும் ஒரு கருவி

நல்ல டயரும் பிழையான காற்றில் கிழியும். கல்லில் மிக விறைப்பான டயர் கூர்மையான முனையில் எளிதில் வெட்டுப்படும். மிக மென்மையான டயரோ பக்கச்சுவரைக் கல்லுக்குக் காட்டிக்கொடுக்கும். நான் வெறும் வண்டியோடு கல் பாதையில் மெதுவாகப் போகும்போது 32 பி.எஸ்.ஐ. இலிருந்து 24 வரை குறைப்பேன். தார் வீதிக்கு வந்ததும் சிறிய பம்பினால் மீண்டும் நிரப்புவேன். சுமை ஏற்றிய பிறகு காற்றைக் குறைப்பதே இல்லை. வாகனக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்பிய பின்தான் இறங்குவேன். காற்றுக் குறைந்த டயரில் சுமையோடு வேகமாக ஓடினால் உள்ளே சூடேறி வெடித்துவிடும். அழுத்தத்தைக் காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும்.

ரூபா கணக்கு

வந்த இளைஞருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். இவை விலைப்பட்டியல் அல்ல, கணக்குப் போடும் முறைக்காக வைத்துக்கொண்ட எண்கள். ஒரு ஏ.டி. டயர் 50,000 ரூபா, அது 40,000 கிலோமீற்றர் ஓடும் என்று வைப்போம். ஐந்து டயருக்கு 250,000 ரூபா. கிலோமீற்றருக்கு 6 ரூபா 25 சதம். பெரிய சேற்று டயர் 70,000 ரூபா, அது 25,000 கிலோமீற்றர் ஓடும் என்று வைப்போம். ஐந்துக்கு 350,000 ரூபா. கிலோமீற்றருக்கு 14 ரூபா. ஒரு பருவத்தில் 8,000 கிலோமீற்றர் ஓடினால் முன்னையதற்கு 50,000, பின்னையதற்கு 112,000. கிளட்ச்சையும் டீசலையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

நீங்களும் கடைக்குப் போகுமுன் உங்கள் ஊர் விலையை இதே மாதிரி எழுதிப் பாருங்கள். ஐந்து டயருக்குப் பணம் இல்லையென்றால் அந்த அளவு உங்களுக்குரியதல்ல. மேலதிக சில்லும் அதே அளவில் இருந்தே ஆக வேண்டும். அது வண்டியின் அடியில் வைக்கும் இடத்தில் கொள்ளுமா என்றும் அளந்து பாருங்கள். அளவை மாற்றுவதற்கு முன் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் இறுதியில் போட்டது 30 அங்குல உயரமும் ஒன்பதரை அங்குல அகலமும் கொண்ட எல்.டி. வகை டயர், பழைய ரிம்மிலேயே. உயர்வு 14 மில்லிமீற்றர்தான். எதிலும் உரசவில்லை. அடுத்த இரண்டு பருவங்களில் பக்கச்சுவர் ஒன்றுகூடக் கிழியவில்லை. அந்த வண்டியை ஓட்டியது மச்சானின் மகனேதான். சாவியைக் கொடுக்கும் முன் நான்கு சில்லையும் கழற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக வெட்டி, எல்லா ஹோஸ்களையும் அவர் கண் முன்னாலேயே பார்த்தோம்.

நண்பரின் மகனுடைய டபள் கெப்பில் இருப்பது 265/70 ஆர் 16. அவர் கேட்டது 285/75 ஆர் 16. நான் சொன்னது 265/75 ஆர் 16. அகலம் அதேதான், உயரம் 26 மில்லிமீற்றர் கூடும், வேகமானியில் வித்தியாசம் மூன்றரை வீதத்துக்குள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. இடையில் பழைய கெப்களின் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த விலைக்கு வாங்கிய வாகனம்தான் அவருடைய முழு முதலும். அதை வைத்துப் பரீட்சை செய்யக்கூடாது.

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "பாக்கிறத்துக்கு அவ்வளவு எடுப்பா இருக்காதே சாச்சா" என்றார்.

"எடுப்பு மிளகுல இருக்கட்டும் மகன்" என்றேன்.

கைமாற்றுக் கொடுத்தேன். ஐந்து டயருக்கு ஒரு பகுதி, மீதி கொள்முதலுக்கு. ஒரேயொரு நிபந்தனை வைத்தேன். டயர் மாட்டிய அன்றே கராஜில் உள்பக்கத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது. நேற்று மாலை தொலைபேசியில் அழைத்தார். பார்த்தாயிற்றாம். முன் இடது ஹோஸில் பழைய வெடிப்பு ஒன்று இருந்ததாம், மாற்றிவிட்டாராம். டயரைப் பற்றி அவர் பேசவே இல்லை.