வாரம் ஒருநாள் ஓட ஒரு வேகக் கார்

சேலத்தின் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70. ஞாயிறு விடிந்தும் விடியாத நேரத்தில் இந்த இரண்டு மலைகளின் காலடியிலும் நின்று பாருங்கள். பால் வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, வாரம் முழுக்க உறை போட்டு மூடியிருந்த கார்கள் ஒவ்வொன்றாக வரும். விசைத்தறி வைத்திருப்பவர், லாரி முதலாளி, போர்வெல் ரிக் வண்டிக்காரரின் மகன், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வார இறுதிக்கு ஊர் வந்தவர் என்று ஓட்டுகிறவர்கள் பலவகை. ஆனால் புதிதாக ஷோரூமில் எடுத்த வண்டி அதில் குறைவு. பெரும்பாலும் செகண்ட்ஸ்.

அதற்குக் காரணம் உண்டு. வேகத்துக்கென்றே செய்த கார்கள் நம் நாட்டில் கொஞ்சமாகத்தான் விற்றன, விலையும் அதிகம். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி மட்டும் 20 சதவீதம். வாரம் ஒருநாள் ஓட்டும் பொழுதுபோக்குக்கு அவ்வளவு கொட்ட மனம் வராது. முதல் ஓனர் விலைவீழ்ச்சியைத் தாங்கிய பிறகு வாங்குவது புத்திசாலித்தனம்தான். எதை வாங்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் சாலையைப் பார்ப்போம். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு நான்குவழிச் சாலை. 145 குதிரைத்திறன் உள்ள ஒரு சின்னக் கார் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 9 விநாடிகளுக்குள் எட்டிவிடும். அதற்குமேல் அந்தச் சாலையில் சட்டமும் இடம் தராது, எதிர்த்திசையில் வரும் டி.வி.எஸ். 50-யும் இடம் தராது. 400 குதிரைத்திறன் கார் அதே வேகத்தை இன்னும் சில விநாடிகள் முன்னதாக எட்டும். வித்தியாசம் அவ்வளவுதான். மலைச்சாலையிலோ கதை வேறு. அங்கே இரண்டாம் கியரில், எஞ்சின் 2,000 சுற்றில் இருக்கும்போது வளைவைவிட்டு வெளியே வருகிறீர்கள். அந்த நொடியில் இழுவை கிடைக்கிறதா என்பதே கேள்வி.

இங்கேதான் டர்போவின் வேலை தெரியும். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழல்கிறது; அது காற்றை அழுத்தி மறுபடி எஞ்சினுக்குள் திணிக்கிறது; காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம். ஃபியட் அபார்த் புன்டோ இதற்கு நல்ல உதாரணம். 2015 அக்டோபரில், டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சத்துக்கு வந்தது. 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். இதன் முழு இழுவையான 212 நியூட்டன் மீட்டர் 2,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். மாறாக, 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த ஹோண்டா சிட்டி விடெக்கில் டர்போ இல்லை. அதன் 1.5 லிட்டர் எஞ்சின் 106 குதிரைத்திறனை எட்ட, சுற்று மேலே ஏறியாக வேண்டும். அப்போதுதான் வால்வுகள் இன்னும் ஆழமாகத் திறக்கும் வேறு ஏற்பாட்டுக்கு மாறும், சத்தமும் மாறும். அந்தச் சத்தத்துக்காகவே இன்றும் விடெக்கைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. அவர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை. கியரை ஓயாமல் மாற்றி ஓட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். இறங்குவது அதைவிடப் பெரிய சோதனை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். 1,400 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து இறங்கும்போது விடுகிற ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால், 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். எஞ்சின் பிரேக்கிங் போக மிச்சமெல்லாம் அந்த நான்கு டிஸ்க்குகள் மேல்தான் விழுகிறது. அங்கிருந்து சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் குமிழி; பெடல் தரைக்குப் போய்விடும். ஓடாமல் நின்ற காரிலும் ஆயில் ஈரம் உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

கியர்பாக்ஸுக்கு வருகிறேன். வேகக் கார் வாங்குகிறவர்களின் பணம் அதிகம் போவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வரும் டி.எஸ்.ஜி. என்பது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று. நீங்கள் இரண்டில் போகும்போதே மூன்று தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, கண்ணிமைக்கும் நேரத்தில் கியர் மாறிவிடும். இதில் இரண்டு சாதி. ஒன்றில் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் மூழ்கியிருக்கும். இன்னொன்றில் தட்டுகள் உலர்ந்தவை, காற்றே அவற்றைக் குளிரவைக்கும். ஏழு கியர் உள்ள உலர் வகை 250 நியூட்டன் மீட்டர் இழுவையைத்தான் தாங்கும். 2016-இல் இறக்குமதியாகி வந்த மூன்று கதவு போலோ ஜி.டி.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1.8 லிட்டர், 192 குதிரைத்திறன். வெளிநாட்டில் மேனுவல் கியருடன் விற்ற அதே காரில் இழுவை 320, டி.எஸ்.ஜி.யோடு இங்கே வந்ததில் 250. கியர்பாக்ஸுக்காக எஞ்சினின் கையைக் கட்டியிருக்கிறார்கள். 2020-க்கு முன் வந்த சாதாரண போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யிலும் இதே உலர் வகைதான்.

மே மாதக் கோடை விழாவின்போது ஏற்காடு சாலை எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளைவுக்கு வளைவு நின்று, ஊர்ந்து, பிரேக்கைவிட்டு இரண்டடி நகர்ந்து ஏறும்போது உலர் கிளட்ச் பாதிப் பிடியிலேயே வழுக்கிக்கொண்டிருக்கும். சூடு ஏறும், தட்டு தேயும். அதனால் உலர் டி.எஸ்.ஜி. உள்ள பழைய காரை ஓட்டிப் பார்க்க ஆளில்லாத பைபாஸ் உதவாது. ஏற்றத்தில் நிறுத்தி மெல்ல ஊர விடுங்கள். உதறினால், குலுங்கினால், விலையைப் பேசாமல் திரும்பி வந்துவிடலாம். 2017-இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230-இல் ஆயிலில் மூழ்கிய ஆறு கியர் வகை. 2020-இல் 200 வண்டிகளாக வந்த ஆர்.எஸ். 245-இல் ஏழு கியர், அதுவும் ஆயில் வகையே. ஆயிலையும் ஃபில்டரையும் காலத்தில் மாற்றியிருந்தால் இவை உழைக்கும். மாற்றியதற்கு பில் இருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது.

தமிழ்நாட்டுக்காரருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ். மறைமலைநகரில் பிறந்தது, மிட்சுபிஷி சீடியா திருவள்ளூரில் பிறந்தது. இரண்டிலும் டர்போ இல்லை, கியர் கையால் போடுவது, ஸ்டீயரிங் பேசும். சீடியா இந்திய ராலிகளில் பல காலம் ஓடிய கார். இப்போது இரண்டு கம்பெனியுமே இங்கே புதுக் கார் விற்பதில்லை. ஆனால் பழைய மேனுவல் கியர்பாக்ஸும் சாதாரண எஞ்சினும் பட்டறை மேஸ்திரிக்குப் புரிகிற பொருள்கள். உதிரிபாகத்தைச் சென்னையில் தேடிப் பிடிக்கலாம்.

பெரிய கனவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-இல் 65 லட்சத்துக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் இப்போது செகண்ட்ஸ் சந்தையில் கிடைக்கிறது. 5 லிட்டர் வி8, 401 குதிரைத்திறன். அதன் உறுமலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொல்லிமலையின் கொண்டை ஊசியில் அந்த நீள மூக்கை எங்கே திருப்புவது? எதிரே பஸ் வந்தால் பின்னால் எங்கே போவது? போர்ஷே என்றால் சர்வீஸுக்கு பெங்களூரு, சென்னை, கொச்சி என்று கிளம்ப வேண்டும். நாமக்கல்லைச் சுற்றி லாரியை ஆணிவேர் வரை கழற்றிப் பூட்டும் கைகள் ஏராளம். ஆனால் அந்தக் கைகளிடம் இந்தக் கார்களின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி இருக்காது. நின்றுபோனால் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பும் செலவையும் வாங்கும்போதே கணக்கில் வையுங்கள். காரின் விலை ஐந்தில் ஒன்றாகக் குறைந்தாலும் அதன் உதிரிபாக விலை குறைவதில்லை.

வாரம் ஒருநாள் ஓடும் வண்டிக்கு ஓட்டத்தைவிட ஓய்வே பெரிய எதிரி. பன்னிரண்டு வருடத்தில் 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று புரோக்கர் பெருமையாகச் சொல்வார். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. டைமிங் பெல்ட் ரப்பர். ஓடாவிட்டாலும் வருடத்தால் இறுகி விரிசல் விடும். அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். விடெக், அபார்த் இரண்டிலும் பெல்ட்தான். நம் சமவெளி வெயிலில் ரப்பர் இன்னும் சீக்கிரம் சாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரோடு மலை ஏறாதீர்கள். பெட்ரோலிலும் ஒரு சிக்கல். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல கார்கள் இப்போது பங்கில் ஊற்றும் 20 சதவீத எத்தனால் கலவையை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். டேங்கில் அரைகுறையாக மாதக்கணக்கில் தேக்கி வைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பயனற்ற வேலை. ஆயில் சூடாவதற்குள் நிறுத்துவதால் எஞ்சினுக்குள் ஈரம்தான் சேரும். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அப்படியே எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

வண்டி பார்க்கப் போகும் நாளில், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ கார் என்றால் ரீமேப் செய்ததா என்று நேராகக் கேளுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி ஐம்பது, அறுபது குதிரைத்திறன் கூட்டியிருப்பார்கள். விற்கும் முன் பழைய கணக்கையே ஏற்றிவிடுவதும் நடக்கும். கூடுதல் சக்தியை அனுபவித்தவர் அவர். தேய்ந்த கிளட்ச் உங்களுக்கு.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி அடியில் சேற்றுக் கறை இருந்தால் போதும், வேறு சாட்சி வேண்டாம். சீட் தண்டவாளத்தில் துரு, ஃப்யூஸ் பெட்டியில் பச்சை பூத்த முனைகள் இவையும் அதையே சொல்லும். அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க நம் பகுதியில் ஒரு வசதி இருக்கிறது. நாமக்கல் பாடி பில்டிங் பட்டறையில் வருடக்கணக்கில் தகடு தட்டிய டிங்கர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். கதவுக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு பார்வை பார்த்தே எந்தப் பக்கம் இடித்தது என்று சொல்லிவிடுவார்.

காகித வேலையை அலட்சியமாக விடாதீர்கள். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்குத் தடை வந்ததால் அங்கிருந்து நல்ல கார்கள் மலிவாகத் தெற்கே வருகின்றன. அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வரி கட்டி டி.என். 30 அல்லது டி.என். 28 எண் பெறும் வரை அந்த மலிவு முழுமையான மலிவு இல்லை. 12 மாதத்துக்கு மேல் வெளிமாநில எண்ணோடு இங்கே வைத்திருக்கவும் கூடாது. 15 வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இறக்குமதிக் கார் என்றால் 40,000. கடன் பாக்கி ஆர்.சி.யில் இருக்கிறதா என்று பாருங்கள். சைலென்சரையும் எஞ்சினையும் மாற்றியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும், இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம்.

வேகத்தின் உச்சத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறவருக்கு ஏற்காடு சாலை இடமில்லை. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மிளகு மூட்டை ஏற்றிய வண்டிகளும் போகின்றன. கோவை செட்டிபாளையத்தில், இந்திய மோட்டார் பந்தயத்துக்கு உழைத்த கரிவரதனின் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத் தடம் உண்டு.

என்னைக் கேட்டால் சொல்வது இது. குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் சர்வீஸ் பில்களோடு வரும் ஆக்டேவியா ஆர்.எஸ். 230. பட்ஜெட் சின்னது, கையில் நம்பிக்கையான மெக்கானிக் உண்டு என்றால் ரீமேப் தொடாத அபார்த். தானே ஸ்பேனர் பிடிப்பவருக்கு ஃபியஸ்டா 1.6 எஸ். மூன்றாவது ஓனரிடமிருந்து வரும் ஜெர்மன் இரண்டு கதவுக் காரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடாதீர்கள். எதை வாங்கினாலும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் மாதமே டயர், பெல்ட், பிரேக் ஆயில், பேட்டரி நான்கையும் மாற்றிவிட்டு அப்புறம் அடிவாரத்துக்குக் கிளம்புங்கள்.